கூலி யார் கைக்குப் போகிறது?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாலியல் தொழிலைச் சட்டம் அனுமதித்தால் விலை மலிந்துவிடும் என்று போன கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார். பயம் போனால் வருகிறவர்கள் பெருகி விலை ஏறும் என்றார் ஓர் இளைஞர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பணத்தில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது என்று நாம் கேட்கவில்லை.

1956இல் வந்து 1986இல் திருத்தப்பட்ட சட்டப்படி, வயது வந்த பெண் தன் விருப்பப்படி இத்தொழில் செய்வது மட்டும் குற்றமல்ல. விடுதி நடத்துவதும், அவள் வருமானத்தில் பிறர் பிழைப்பதும், தெருவில் நின்று அழைப்பதும் குற்றம். நடைமுறையில் பயம் அவள் தலையில்தான் விடிகிறது. காமாத்திபுராவில் கர்வாலிக்குப் பங்கு, தரகனுக்குப் பங்கு, அறை வாடகை, ஹப்தா, கடனுக்கு வட்டி. மிச்சமே அவளுக்கு. முக்காதம் நம் கூலியில் பிடித்துக்கொண்டதை நாம் மறந்துவிட்டோமா? இந்தப் பிடித்தம் ஒழிந்தால், விலை குறைந்தாலும் அவள் வருமானம் கூடும்.

ஆனால் சட்டம் யாருக்குச் சாதகமாக வருகிறது என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 2002இல் இதைச் சட்டபூர்வமாக்கினார்கள். ஒரே கட்டணத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் என்று விளம்பரம் செய்த விடுதிகள் முளைத்தன. 2017இல் வந்த சட்டம் அதைத் தடை செய்தது. நியூசிலாந்தில் 2003 முதல் நான்கு பெண்கள் வரை முதலாளி இல்லாமல், உரிமம் இல்லாமல் சேர்ந்து தொழில் செய்யலாம். மறுக்கும் உரிமையும் சட்டத்தில் உண்டு. கொல்கத்தா சோனாகாச்சியில் பெண்கள் 1995இல் உஷா கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். கந்துவட்டிக்காரனுக்குக் கடன்படாதவள்தான் குறைந்த விலை கேட்பவனிடம் முடியாது என்று சொல்வாள்.

சிறுமியை விற்பதும், வேலை என்று ஏமாற்றி அழைத்து வருவதும் என்றைக்கும் குற்றமாகவே இருக்க வேண்டும். அதில் நமக்குச் சமரசம் இல்லை.

நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 1990இல் மும்பை விடுதிகளிலிருந்து மீட்கப்பட்ட நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்கள் ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். நம்மைப் போலப் பிழைக்க வந்த ஊர்களின் பெண்கள் அவர்கள்.

இவர்களும் கண்ணியத்தோடு வாழ உரிமை உள்ளவர்களே என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று கூறியது. நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ரேஷன் அட்டைக்கு மனு எழுத எந்தப் பெண் நம் சங்கத்துக்கு வந்தாலும், முகம் சுளிக்காமல் நாற்காலி போட்டு எழுதிக் கொடுப்போம்.