மகிழுந்தும் மதிப்புரையும்



நூல் மதிப்புரை எழுதுவோர் பலர் கூடியுள்ள அவை இது. பதிப்பாளர் அனுப்பிய இலவசப் படியைக் கையில் வைத்துக்கொண்டு அந்நூலின் குறையை எழுதும் சங்கடம் இங்குள்ளோர் அறியாததன்று. அதே சங்கடத்தை நூறாண்டுக்கும் மேலாகச் சுமந்துவரும் உரைநடைத் துறை ஒன்று பிரிட்டனில் உண்டு. அதுவே மகிழுந்து மதிப்புரை.

1895 நவம்பரில் 'தி ஆட்டோகார்' இதழ் தொடங்கப்பெற்றபோது அந்நாட்டுச் சாலைகளில் மோட்டார் வண்டியைக் காண்பதே அரிது. பொருள் பரவுமுன் அதற்கான விமரிசன இதழ் பிறந்துவிட்டது! 1928 முதல் அவ்விதழ் முறையான சாலைச் சோதனைகளை வெளியிட்டது. வேகம் முதலியன அளந்து எழுதப்பெற்றன. எழுதியவர் பெயர் நெடுங்காலம் இடம்பெறவில்லை. 'நாங்கள்' என்னும் பன்மையே பேசிற்று.

ஆயினும் எண்ணும் ஏமாற்றும். 1961 மார்ச்சில் ஜாகுவார் நிறுவனம் ஈ-டைப் வண்டியை ஜெனீவாக் கண்காட்சியில் அறிமுகம் செய்தது. ஆட்டோகாரும் 'தி மோட்டார்' இதழும் அதனைச் சோதித்து, மணிக்கு 150 மைலை ஒட்டிய வேகத்தை அச்சிட்டன. அளந்ததில் பிழையில்லை. அளக்கத் தந்த வண்டிகளே தனிக் கவனத்துடன் ஆயத்தம் செய்யப்பட்டவை. பூட்டியிருந்தவை பந்தய டயர்கள். பணம் கொடுத்து வாங்கியோரின் வண்டிகள் அவ்வேகத்தை எட்டுவது அரிதாயிற்று. மதிப்புரையாளருக்கென்றே திருத்திய தனிப்படி அச்சிடும் பதிப்பாளரை எண்ணிப் பார்க்கலாம்.

எண்ணை விட்டு, எழுதுபவரின் குரலை நம்பிய வாசகர்களும் இருந்தனர். சட்டம் பயின்றவரும் இசையில் தோய்ந்தவருமான எல்.ஜே.கே. செட்ரைட் (1931–2005) 'கார்' இதழில் எழுதியவற்றைச் சுவைக்க வண்டி வேண்டுவதில்லை. நல்ல அகராதி வேண்டும். அவருடைய புலமை சிற்சில இடங்களில் வண்டியையே மறைத்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவர்களினும் மேலாக வைக்கத்தக்கவர் 'மோட்டார் ஸ்போர்ட்' இதழின் டெனிஸ் ஜென்கின்சன். இத்தாலியில் பொதுச்சாலைகளிலேயே நிகழ்ந்த ஆயிரம் மைல் பந்தயம் மில்லே மில்யா. 1955 மே முதல் நாளில் ஸ்டர்லிங் மோஸ் மெர்சிடஸ் வண்டியை ஓட்ட, அருகே அமர்ந்தவர் இச்செய்தியாளரே. முன்னரே அவ்வழியில் பலமுறை சென்று, வளைவு, மேடு, தண்டவாளம் அனைத்தையும் குறித்து, நீண்ட தாட்சுருளாக்கி ஒரு பெட்டியில் பொருத்தியிருந்தார். இரைச்சலில் பேச்சு கேளாது, ஆகவே கைச்சைகைகள். மேட்டுக்கு அப்பால் சாலை எப்படித் திரும்பும் என்று மோஸ் அறியார். சைகை கிடைத்தால் வேகம் குறையாது. சொல்லைப் பிழையாகக் குறித்திருந்தால் இருவரும் மாள்வர். குறிப்பெடுத்தல் அத்தகைய பொறுப்பாக அமைந்த எழுத்துப்பணி வேறெங்கும் காண்பதற்கில்லை.

10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் வென்றனர். ஜூன் இதழில் ஜென்கின்சன் எழுதிய கட்டுரை வெற்றி முழக்கமாக அமையவில்லை. அவரும் நிறுவனத்தின் விருந்தினராகவே அவ்வண்டியில் அமர்ந்தவர். எனினும், வைக்கோற் கட்டுகளில் வண்டி மோதியதை மறைக்கவில்லை. தாம் வாந்தியெடுக்கத் தலையை வெளியே நீட்டியபோது மூக்குக்கண்ணாடி காற்றோடு போனதையும், மாற்றுக்கண்ணாடி எடுத்து அணிந்ததையும் எழுதினார். ஓரிடத்தில் பெட்ரோல் தெறித்துப் பிடரியில் வழிய, கவனம் சிதறித் தாம் காட்டவேண்டிய சைகை ஒன்றைக் காட்டாது விட்டதையும் அவரே அங்கு பதிவுசெய்துள்ளார்.