தொலைபேசிக் கம்பத்துக்கு யார் பணம் கட்டுவது?



1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூரில் 1905இல்தான் மின்விளக்கு எரிந்தது. பெரிய ஊரை விட்டுவிட்டுக் கம்பி ஏன் முதலில் இங்கே வந்தது? சுரங்கக் கம்பெனிகள் மின்சாரத்தை மொத்தமாக வாங்கின. பணம் கொடுக்க ஆள் இருந்த இடத்துக்குக் கம்பி வந்தது.

தொலைபேசியும் அப்படித்தான். பட்டணத்தில் ஒரு தெருவுக்குக் கம்பி இழுத்தால் பல வீடுகள் சேரும். பேத்தமங்கலத்துக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர் என்றால் வழியெல்லாம் கம்பம் நட வேண்டும். அங்கே தொலைபேசி வைப்பவர் இரண்டு பேரோ, மூன்று பேரோ. கம்பத்தின் விலை என்னவோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான்! முழுச் செலவையும் அந்த மூன்று பேர் தலையில் கட்டினால் தாங்குவார்களா?

வெளியூருக்குப் பேசியவர்கள்தான் அதைக் கட்டினார்கள். 1990களில் எஸ்.டி.டி. கட்டணம் மிக அதிகம். ஆன செலவைவிட அதிகமாக வாங்கினார்கள். அந்த உபரியால்தான் கிராமத்து வாடகையும் உள்ளூர்க் கட்டணமும் குறைவாக இருந்தன.

எஸ்.டி.டி. பேசியவர் எல்லாரும் பணக்காரரா? சாம்பியன் ரீபில் இருந்த ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். மகளைக் குடியாத்தத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். மகளுக்குப் பிரசவ நேரம். இரவில் கட்டணம் குறையும் வரை பூத் வாசலில் காத்திருப்பார். பேசும்போது கண் மீட்டரில் இருக்கும். பாதிப் பேச்சில் வைத்துவிடுவார். எங்கோ ஒரு கிராமத்துக் கம்பத்துக்கு அவரும் பணம் கட்டினார். அது அவருக்குத் தெரியாது.

போட்டி வந்தது. எஸ்.டி.டி. கட்டணம் இறங்கியது. உபரியும் குறைந்தது. அதனால் 2002 ஏப்ரலில் அரசு இதற்கென்று தனி நிதி தொடங்கியது. 2003இல் அதற்குச் சட்டமும் வந்தது. கம்பெனிகள் கழிவு போக மீதி வருமானத்தில் 100 ரூபாய்க்கு 5 ரூபாய் அந்த நிதிக்குக் கட்ட வேண்டும். கம்பெனி யாரிடம் வாங்கிக் கட்டும்? பேசுகிறவரிடம்தான்! கிராமப் பொதுத் தொலைபேசிக்கும், பிறகு செல்போன் கோபுரத்துக்கும் இதிலிருந்து பணம் போனது. ஆனால் பல ஆண்டுகள் வசூலானதில் பெரும் பகுதி செலவாகாமலே கிடந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதன் பெயர் 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று மாறியது.

2001இல் சுரங்கம் மூடியது. இன்று மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர் ரீசார்ஜ் செய்தாலும், அதில் கிராமத்தின் பங்கு போகிறது. சிக்னல் எட்டாத ஊரார் கோபுரம் கேட்டு மனு எழுதும்போது, இந்த 5 ரூபாயைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம்.