கறிக்கோழிப் பண்ணை: ஆயிரமா, ஐயாயிரமா?

(காரவள்ளி விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாமக்கல் என்றவுடன் முட்டைதான் எவர் நினைவுக்கும் வரும். கறிக்கோழித் தொழில் வேரூன்றியதோ மேற்கே பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கங்களில். ஆயினும் கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகள் தொடங்கும் இவ்வூரிலும், "ஆயிரம் கோழி வளர்த்தால் குடும்பம் நடக்குமா?" என்று கேட்போர் உளர். கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஆயிரம் குஞ்சுகளுக்கு ஏறத்தாழ 1,000 சதுர அடிக் கொட்டகை வேண்டும். நூற்றுக்கு ஐந்து இறந்தால் மிஞ்சுவன 950. ஆறு வாரத்தில் ஒவ்வொன்றும் 2 கிலோ நின்றால் மொத்தம் 1,900 கிலோ. ஒரு கிலோ எடைக்கு 1.7 கிலோ தீவனம் வீதம் 3,230 கிலோ செலவாகும். கவனக் குறைவால் அது 1.9 ஆகிவிட்டால் மேலும் 380 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டை ஏழரைக்கு மேல், வீணாகும். மொத்தச் செலவில் சுமார் மூன்றில் இரு பங்கு தீவனமே ஆகையால், லாபமும் நட்டமும் பெரும்பாலும் இந்த மூட்டைகளில்தான் அடங்கியுள்ளன.

சொந்த முதலில் வளர்ப்பவர் விலையின் ஏற்ற இறக்கத்தையும் தாமே தாங்க வேண்டும். புரட்டாசியிலும் ஐயப்பன் விரத காலத்திலும் கறிக்குக் கிராக்கி குறையும். விலை ஏறட்டும் என்று நெல்லைக் குதிரில் இட்டு வைப்பது போலக் கோழியை வைத்திருக்க இயலுமா? வளர்ந்த 950 கோழிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று மூட்டை தின்றுவிடும். 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கொரோனா கோழியால் பரவுகிறது என்ற வீண் வதந்தியால் விலை சரிந்தபோது, விற்றாலும் நட்டம், வைத்திருந்தாலும் நட்டம் என்றாயிற்று.

ஒப்பந்த முறையில் இந்த அச்சம் குறைவு. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி தரும். கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு நம்முடையவை. கிலோவுக்கு வளர்ப்புக் கூலி 6 ரூபாய் எனக் கணக்கிற்காகக் கொண்டால், ஆயிரம் குஞ்சுக்கு ஒரு தடவையில் ரூ. 11,400. கொட்டகையைத் துப்புரவு செய்து ஆறப்போடும் நாட்களையும் சேர்த்தால், ஆண்டுக்கு ஐந்தாறு தடவைக்கு மேல் வளர்க்க முடியாது. மின்கட்டணம், உமி, குஞ்சுகளுக்குச் சூடூட்டும் செலவு, கடன் தவணை ஆகியவை போக மிஞ்சுவது அற்பமே. ஐயாயிரம் குஞ்சானால் ரூ. 57,000. உழைப்போ ஐந்து மடங்காவதில்லை. கணவனும் மனைவியும் சமாளிக்கலாம். இரவுக் காவல் ஆயிரத்திற்கும் ஒன்றுதான், ஐயாயிரத்திற்கும் ஒன்றுதான்.

ஆனால் 5,000 சதுர அடிக் கொட்டகை கடனின்றி எழும்புவது அரிது. கம்பெனி குஞ்சு விடத் தாமதித்தால் கொட்டகை சும்மா கிடக்கும். வட்டி சும்மா இராது. ஆகவே குஞ்சு விடும் இடைவெளி, கூலி, இறப்பிற்கும் மிகுதித் தீவனத்திற்கும் செய்யும் பிடித்தம் ஆகியவற்றைத் தமிழில் எழுதி வாங்கிய பின்னரே கையொப்பம் இடுங்கள்.

ஆயிரம் கறிக்கோழியை மட்டும் நம்பிக் கடன் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். லாரி வரும் பாதையும் கோடையில் வற்றாத கிணறும் உள்ளவர் ஐயாயிரத்தை எண்ணிப் பார்க்கலாம். மலைமேல் உள்ளவர்களுக்குத் தீவனம் ஏற்றும் கூலியும், குளிரில் சூடூட்டும் செலவும் கூடுதல். அவர்கள் புழக்கடையில் இருபது நாட்டுக்கோழி வளர்ப்பதே இப்போதைக்கு மேல்.

பஞ்சாயத்தாருக்கு ஒரு வார்த்தை. கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக அமையட்டும். குடியிருப்பையும் குடிநீர்க் கிணற்றையும் விட்டு விலகியிருக்கட்டும். கூளம் நனைந்தால் ஈ மொய்த்து ஊரில் சச்சரவு மூளும். உலர்ந்த கூளத்தை மட்க வைத்தால், அதுவே மரவள்ளிக் காட்டுக்கு எருவாகும்.