செவி தேர்ந்த ஏழு பாடல்கள்

ஆண்டு முடிவிலே கணக்கைப் புரட்டிப் பார்ப்பது வணிகர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. பாட்டுக் கேட்கும் இரசிகனுக்கும் அப்படியொரு கணக்கு உண்டு. அந்த ஆண்டிலே செவிக்கு வந்து சேர்ந்த பாடல்கள் எத்தனை, அவற்றுள் நெஞ்சிலே தங்கியவை எத்தனை என்று அவன் எண்ணிப் பார்க்கிறான். வந்தவை நூற்றுக்கணக்கில் இருக்கும்; தங்கியவை விரல்விட்டு எண்ணத்தக்கனவாக இருக்கும். வணிகன் தன் கணக்கைப் பிறர் அறியாமல் மூடி வைப்பான். இரசிகனோ தன் கணக்கை அயலவருக்குச் சொல்லி, அவரோடு வாதிட்டு மகிழ்வான்.

தமிழ்த் திரையிசையிலே இவ்வாறு கணக்கெடுப்பதற்கு இனியதும் கடினமானதுமான ஆண்டு 1961. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ‘பாவமன்னிப்பு’ வெளிவந்தது. மே மாதத்தில் ‘பாசமலர்’. செப்டெம்பரில் ‘பாலும் பழமும்’. மூன்றையும் நெறிப்படுத்தியவர் ஏ. பீம்சிங்; மூன்றிலும் கதாநாயகர் சிவாஜி கணேசன். மூன்றுக்கும் இசையமைத்தவர்கள் விஸ்வநாதனும் இராமமூர்த்தியும். பாட்டு எழுதியவர் கண்ணதாசன். ஆறு மாத காலத்திற்குள் ஒரே கூட்டத்தாரிடமிருந்து இத்துணைப் பாடல்கள் பிறந்தது வியப்பு. அவற்றோடு ‘திருடாதே’, ‘குமுதம்’, ‘தேன் நிலவு’, ‘பாக்கியலட்சுமி’, ‘கப்பலோட்டிய தமிழன்’, ‘தாய் சொல்லைத் தட்டாதே’ ஆகியனவும் அதே ஆண்டில் வந்தன. இத்தனைக்கும் நடுவே நின்று ஏழு பாடல்களை மட்டும் எடுத்துக்கொள் என்றால் இரசிகன் என்ன செய்வான்?

இலங்கைத் தமிழ் நேயர்களுக்கு இந்தக் கேள்வி மிக நெருக்கமானது. 1952ஆம் ஆண்டில் இந்தியாவின் செய்தி ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுக்கின்றன என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அப்பாடல்களுக்கு இருந்த இடம் சுருங்கிப் பின்னர் இல்லாமலே போயிற்று. பாட்டை விரும்பியவர்கள் விருப்பத்தை விட்டுவிடவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கையின் பக்கம் திருப்பினார்கள். 1950ஆம் ஆண்டில் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை பாக்கு நீரிணைக்கு இருபுறமும் செவிகளைப் பெற்றது. எஸ். பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் பெயர் தமிழ்நாட்டு வீடுகளிலும் அறிமுகமாயிற்று. 1957 ஒக்டோபரில் ‘விவித பாரதி’ தொடங்கியபோது திரைப்பாடல் இந்திய வானொலிக்குத் திரும்பியது. அதற்குள் நேயர் பலருக்குக் கொழும்பு பழகிய இடமாகிவிட்டது.

ஆகவே 1961ஆம் ஆண்டுப் பாடல்கள் பலருக்குப் படக்கொட்டகைக்கு முன்னதாக வானொலி வழியே வந்து சேர்ந்தன. நடிகரின் முகம் தெரியவில்லை, காட்சி தெரியவில்லை. குரலும் சொல்லும் வாத்தியமுமே வந்தன. இந்த நிலை ஒரு குறைபோலத் தோன்றினாலும் தேர்வுக்கு உரிய நல்ல அளவுகோல் அதிலேதான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் குறைவின்றி நிற்கும் பாட்டு எதுவோ, அதுவே பட்டியலில் இடம்பெறத் தக்கது. இந்த ஒரு விதியைக் கைக்கொண்டால் இன்னொரு தொல்லையும் தீரும். சிவாஜி பாட்டா, எம். ஜீ. ஆர். பாட்டா சிறந்தது என்று இரசிகர்கள் பிரிந்து நின்று வாதிட்ட காலம் அது. இருவருக்கும் பெரும்பாலும் குரல் கொடுத்தவர் ரி. எம். சௌந்தரராஜன் ஒருவரே. கண்ணை மூடியவனுக்கு அந்தச் சண்டையிலே என்ன பங்கு இருக்கிறது?

இந்த விதியோடு தேடப் புகும் இரசிகன் முதலிலே ‘பாவமன்னிப்பு’ப் பாடல்களுள் பி. பி. ஸ்ரீனிவாஸ் பாடியதை எடுக்கிறான். பருவங்கள், கலைகள், மாதங்கள், மலர்கள் என ஒவ்வோர் இனத்திலும் தலைசிறந்தது எதுவோ, அதுவே தன் காதலி என்று சொல்லும் பாட்டு அது. பகவத்கீதையின் பத்தாம் அத்தியாயத்திலே கண்ணன் தன் பெருமையைச் சொல்லும் முறை இதுவேயாகும். இறைவனுக்கு உரிய அந்த முறையைக் கண்ணதாசன் ஒரு பெண்ணுக்கு உரியதாக்கினார். பாடியவரோ குரலை எங்கும் உயர்த்தவில்லை. பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்டாற் போதும் என்பது போலப் பாடுகிறார். வானொலிப் பெட்டியின் அருகே இருப்பவனுக்கு அந்தத் தணிந்த குரல் பொருத்தமாகிவிடுகிறது.

இரண்டாவது, ‘பாசமலர்’ படத்துத் தாலாட்டு. தாலாட்டு என்றால் தாய் ஒருத்தி தனித்துப் பாடுவதே மரபு. இங்கே அண்ணனும் தங்கையும் பிரிந்து வேறு வேறு வீட்டில் இருந்து, தத்தம் குழந்தையைப் பார்த்துப் பாடுகிறார்கள். சௌந்தரராஜனின் குரலும் பி. சுசீலாவின் குரலும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒன்றையொன்று நேரே அழைப்பதில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலத் தாங்கள் இழந்துவிட்ட இளமையை எண்ணுகிறார்கள். சொத்தினாலோ சொல்லினாலோ உடன்பிறந்தாரோடு பேச்சற்றுப் போன வீடுகள் எந்த ஊரில்தான் இல்லை? கதை அறியாதவனும் அந்த இரு குரல்களுக்கு இடையே உள்ள தூரத்தைச் செவியாலே அறிந்துகொள்வான்.

மூன்றாவது, ‘பாலும் பழமும்’ படத்திலே மரணத்தைப் பற்றிச் சௌந்தரராஜன் பாடும் பாட்டு. அங்கே கதாநாயகன் ஒரு மருத்துவன். புற்றுநோய்க்கு மருந்து காண முயல்கிறவன். மரணத்தோடு போராடுவதையே தொழிலாகக் கொண்டவன், தன் மனைவியை இழந்துவிட்டதாக நம்பும் வேளையிலே பாடுகிறான். போகட்டும் என்று அவன் சொல்வது துறவியின் பற்றின்மையால் அன்று, தாங்க முடியாமையால். இத்தகைய கருத்தைச் சித்தர் பாடல்களிலும் பட்டினத்தாரிடத்தும் தமிழர் முன்னமே கேட்டிருக்கிறார்கள். அந்தப் பழைய நிலையாமையைப் பேச்சு மொழியிலே, தெருவில் நடப்பவனும் முணுமுணுக்கத்தக்க மெட்டிலே தந்ததுதான் இப்பாட்டின் வெற்றி.

நான்காவது, ‘பாக்கியலட்சுமி’ படத்திலே சுசீலா பாடியது. விஸ்வநாதன்–இராமமூர்த்தி இசை, கண்ணதாசன் சொல். இளமையிலே கைம்மை எய்திய பெண், தான் கண்ட கனவைத் தோழிக்குச் சொல்கிறாள். சந்திரகௌன்ஸ் இராகத்தின் ஏக்கம் பாட்டு முழுதும் பரவி நிற்கிறது. ஆண்டாள் தன் திருமணக் கனவைத் தோழிக்கு உரைத்த மரபிலே வந்த பாட்டு இது. ஆயினும் ஆண்டாளின் கனவு நிறைவேற்றத்தை நோக்கிச் செல்கிறது. இவளுடைய கனவுக்கு அன்றைய சமூகத்திலே வழி இல்லை. சீர்திருத்த மேடையிலே ஒரு மணிநேரம் பேசினாலும் நெகிழாத நெஞ்சம் மூன்று நிமிடப் பாட்டிலே நெகிழக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

ஐந்தாவது, ‘திருடாதே’ படத்திலே எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையில் சௌந்தரராஜன் ஒரு குழந்தைக்குச் சொல்லும் அறிவுரை. எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அவர் 1959 ஒக்டோபர் 8ஆம் நாள் 29ஆவது வயதிலே மறைந்தார். படம் 1961 மார்ச்சில் வந்தது. கவிஞர் இல்லாத உலகத்திலே அவருடைய சொல் குழந்தைகளின் வாயிலே புகுந்தது. அறிவுரைப் பாட்டு என்றாலே இளையோர் முகம் சுளிப்பது வழக்கம். இப்பாட்டை அவர்கள் விரும்பியதற்குக் காரணம் உண்டு. கவிஞர் குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. வறுமை, திறமை, உழைப்பு ஆகியவற்றைக் குழந்தைக்கு விளங்கும் சொல்லிலே எடுத்துரைத்து, அதன் தோளில் கை வைத்துப் பேசுகிறார். ஆசிரியர்களும் பெற்றோரும் கற்றுக்கொள்ள வேண்டிய முறை இது.

ஆறாவது, பி. ஆர். பந்துலு எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்திலிருந்து. வ. உ. சிதம்பரம்பிள்ளையின் வரலாறு அது. 1906ஆம் ஆண்டில் அவர் நிறுவிய சுதேசி நாவாய்ச் சங்கம் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டியது. ஆதலால் அந்தக் கதையின் மறுகரை இலங்கையே. படத்திற்குப் பாரதியாரின் பாடல்களையே எடுத்து ஜி. இராமநாதன் இசையமைத்தார். அவற்றுள் ஸ்ரீனிவாஸும் சுசீலாவும் சேர்ந்து பாடிய கண்ணம்மா பாட்டை இரசிகன் தேர்கிறான். பாரதியார் மறைந்தது 1921இல். நாற்பது ஆண்டு கழித்து அவருடைய காதற் கவிதை புதுப்பாட்டாக ஒலித்தது. படம் வசூலிலே தோற்றது. பாட்டோ தோற்கவில்லை. புத்தகத்திலே பாரதியைப் படித்திராத எத்தனையோ பேர் அந்தக் கவிதையை இந்த மெட்டினால் மனப்பாடமாக அறிவார்கள்.

ஏழாவதாக அவன் எடுப்பது ‘குமுதம்’ படத்திலே கே. வி. மகாதேவன் இசையில் சீர்காழி கோவிந்தராஜன் பாடியது, அ. மருதகாசி எழுதியது. கல்லிலே உருவங்களைச் செதுக்கிய சிற்பியைப் போற்றும் பாட்டு. கண்ணொளி இல்லாதவரும் தடவிக் காணத்தக்க கலை சிற்பம் என்பது அதன் உயிர்க் கருத்து. சீர்காழியின் வெண்கலக் குரல் அந்தச் சிற்பத்தை ஒலியாலே எழுப்பிக் காட்டுகிறது. பார்க்காமலே காண முடியும் என்று சொல்லும் இந்தப் பாட்டைவிட வானொலிக்கு உரிய பாட்டு வேறு எது?

ஏழு முடிந்தது. விடுபட்டவற்றை எண்ணினால் இரசிகனுக்கு வருத்தமே மிஞ்சும். ‘பாவமன்னிப்பு’ படத்திலே ‘தான்’ என்னும் ஒரு சிறு சொல்லை மீண்டும் மீண்டும் வைத்து ஒரு பெண்ணின் நாணம் முழுவதையும் சுசீலா காட்டிய பாட்டு நின்றுவிட்டது. எல். ஆர். ஈஸ்வரியைப் புகழேணியில் ஏற்றியதும், கலியாண வீடுகளிலே தவறாது ஒலித்ததுமான ‘பாசமலர்’ப் பாட்டு நின்றுவிட்டது. ஏ. எம். இராஜா தாமே இசையமைத்துப் பாடிய ‘தேன் நிலவு’ப் பாடல்கள் நின்றுவிட்டன. ‘தாய் சொல்லைத் தட்டாதே’ படத்துக்கு மகாதேவன் தந்த துள்ளல் மெட்டுகளும் நின்றுவிட்டன. வேறொருவர் தேர்ந்தால் இவையே முன்வரலாம். அது தவறாகாது. ஆனால் ஏன் என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல அவரால் இயல வேண்டும்.

இந்த இடத்திலேதான் ஒரு பெரிய வினா எழுகிறது. திரைப்பாட்டிலே பொழுதைக் கழிப்பது படித்தவர்க்குத் தகுமா? பிள்ளைகளைக் கெடுக்காதா? இப்படிக் கேட்ட பெரியோரை இகழ்ந்துவிட முடியாது. மலிவான சொல்லும் கடன் வாங்கிய மெட்டும் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆயினும் விலக்கினால் சுவை வளராது என்பதை அந்த இந்திய அமைச்சரின் முயற்சியே காட்டியது. கதவை மூடிய போது நேயர்கள் அடுத்த வீட்டின் சாளரத்தைத் தேடிக்கொண்டார்கள். விலக்குவதைவிடத் தேரப் பழக்குவதே வழி. ஒரு மாணவனிடம் பாட்டுக் கேளாதே என்று சொல்வது எளிது. இவ்வாண்டு கேட்டவற்றுள் சிறந்த ஏழைச் சொல், ஏன் சிறந்தது என்று சொல், எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், பாடியவர் யார் என்று சொல் எனக் கேட்பது கடினம். கடினமான அந்தக் கேள்வியிலே இலக்கணமும் இலக்கியமும் இசையறிவும் நன்றியுணர்வும் அடங்கிவிடுகின்றன.

நன்றியுணர்வு என்பது வெறும் சொல்லன்று. பாட்டை நடிகரின் பாட்டென்றே உலகம் வழங்குகிறது. பின்னே இருந்து உழைத்தவர்கள் மறக்கப்படுகிறார்கள். ஜி. இராமநாதன் 1963இல் மறைந்தார். கண்ணதாசன் 1981இலும் சீர்காழி கோவிந்தராஜன் 1988இலும் மறைந்தார்கள். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 14இல் ஸ்ரீனிவாஸும், மூன்று நாள் கழித்து இராமமூர்த்தியும், மே 25இல் சௌந்தரராஜனும் காலமானார்கள். 2015இல் விஸ்வநாதனும் விடைபெற்றார். பாட்டு மட்டும் வானலையில் நின்று உலவுகிறது. பெயரைச் சொல்லிக் கேட்பது அவர்களுக்குச் செய்யத்தக்க மிகச் சிறிய கைம்மாறு.

இன்று பாட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கைத்தொலைபேசியைத் தொட்டால் அறுபது ஆண்டுப் பாடல்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. முன்னர் அறிவிப்பாளர் ஒருவர் தேர்ந்து தந்தார். இப்பொழுது இயந்திரம் தேர்ந்து தருகிறது. இரண்டுக்கும் நடுவே நேயர் தாமாகத் தேரும் பழக்கம் தேய்ந்துவிடக் கூடாது. கேள்விச் செல்வத்தைத் தலையாய செல்வமாக வைத்தவர் வள்ளுவர். எந்தச் செல்வமும் கணக்கு வைப்பவரிடத்திலேதான் தங்கும். இவ்வாண்டு முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாளை எடுத்து, முதியோர் ஏழும் இளையோர் ஏழுமாக எழுதி, ஒருவர் பட்டியலை மற்றவருக்குப் படித்துக் காட்டலாம். இரண்டிலும் பொதுவாக ஒரு பாட்டாவது அமைந்துவிட்டால், அந்த வீட்டிலே இரு தலைமுறைகள் பேசிக்கொள்ள ஒரு பொருள் கிடைத்துவிடும்.