மூலையில் உட்காரவைத்த பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் உண்டு

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடிய கூட்டத்தில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



கூலி, போனஸ், வேலை நேரம், குடிமனைப் பட்டா என்றுதான் நாம் வழக்கமாகக் கூடிப் பேசுகிறோம். இன்று பேச வந்த விஷயம் வேறு. நம் லயன் வீடுகளிலும் சேரிகளிலும் பேசாமலே மூடிவைக்கப்பட்டிருக்கிற விஷயம் அது. கண் தெரியாத, காது கேளாத, கை கால் வளராத, வயதுக்கேற்ற அறிவு வளராத குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

"சங்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். ஒரு கணக்கைச் சொல்கிறேன். 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் இருந்த ஊனமுற்ற பிள்ளைகளில் நூற்றுக்கு 27 பேர் ஒரு நாள்கூடப் பள்ளி வாசலை மிதித்ததில்லை. அந்த 27 பேர் யார் வீட்டுப் பிள்ளைகள்? பணமிருப்பவன் பிள்ளைக்கு வீட்டுக்கே வாத்தியார் வருகிறார், வண்டி வைத்துச் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறார்கள். விடியுமுன் நாற்றுப் பறிக்கப் போகிறவள் பிள்ளையும், மூன்று ஷிப்டு மாறி மாறி வேலை செய்கிறவன் பிள்ளையுந்தான் திண்ணையோடு நின்றுவிடுகிறது. இது கூலிப் பிரச்னையோடு ஒட்டிய பிரச்னை. ஆகவே சங்கத்தின் பிரச்னை.

பாதிப்பு அந்த ஒரு பிள்ளையோடும் நிற்பதில்லை. தாய் வேலைக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதற்காக அக்காளைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறோம். ஒரு பிள்ளைக்கு வழி காணாததால் இரண்டு பிள்ளைகளின் படிப்பு போகிறது.

முதலாவதாக, இது யார் குற்றம்? "போன ஜென்மத்துப் பாவம்" என்கிறார்கள். "கிரகணத்தில் வெளியே வந்தாள், அதனால்தான்" என்று பெற்றவள் தலையில் பழி போடுகிறார்கள். இதெல்லாம் பொய். விஞ்ஞானம் காரணங்களைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா அம்மை வந்தால் குழந்தைக்குக் காதும் கண்ணும் இருதயமும் கெடலாம். பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் மூளை பாதிக்கப்படலாம். பிறந்த குழந்தைக்குக் கடுமையான காமாலை வந்து கவனியாமல் விட்டால் காது போகலாம், கை கால் விறைக்கலாம். தாயின் உணவில் அயோடின் சத்து இல்லாவிட்டால் குழந்தையின் அறிவு வளர்ச்சி குன்றும். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் கலியாணம் செய்வது போன்ற நெருங்கிய சொந்தத்தில் பிறக்கும் குழந்தைகளுக்குச் சில பரம்பரைக் குறைகள் வரும் வாய்ப்பு கூடுதல். காரணமே தெரியாமல் வருவதும் உண்டு. இதில் பாவம் எங்கே இருக்கிறது?

இவற்றில் பலவற்றைத் தடுக்க முடியும். இளம்பிள்ளை வாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு பிள்ளை கால் சூம்பிக் கிடந்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோக் கிருமியால் ஒரு குழந்தைக்கும் அந்த நோய் வரவில்லை. 2014இல் அது ஒழிந்ததாகச் சான்று கிடைத்தது. கோயில் பரிகாரத்தால் அது நடக்கவில்லை. சொட்டு மருந்தாலும், வீடு வீடாக நடந்த ஊழியர்களின் காலாலும் நடந்தது. ரூபெல்லாவுக்கும் தமிழ்நாட்டில் 2017 முதல் தட்டம்மை ஊசியோடு சேர்த்துத் தடுப்பூசி போடுகிறார்கள். தவறாமல் போடுங்கள்.

இரண்டாவது விஷயம், காலம். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று காத்திருப்பதுதான் நம்மவர்களுக்குப் பெரிய நஷ்டம். குழந்தை ஐந்தாறு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லையா? பெருஞ்சத்தத்துக்குத் திடுக்கிடவில்லையா? ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லையா? இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா? தாமதிக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

பிறவியிலேயே பாதம் உட்புறமாக வளைந்திருக்கிற குழந்தைக்கு, பிறந்த சில வாரங்களில் ஆரம்பித்து வாரம் ஒரு மாவுக்கட்டாக மாற்றிப் போட்டு வந்தால் பெரும்பாலும் பாதம் நேராகிவிடும். பிறகு டாக்டர் சொல்லும் காலம்வரை தனிப் பூட்ஸ் போட்டுவர வேண்டும். வருஷங்கள் கழித்துப் போனால் பெரிய அறுவை தேவைப்படலாம். காது கேளாத குழந்தைக்கும் அப்படியே. பேச்சைப் பிடித்துக்கொள்ளும் பருவம் முதல் சில வருஷங்கள். அதற்குள் கருவியோ, காதுக்குள் பொருத்தும் அறுவையோ, சைகை மொழியோ கிடைத்தாக வேண்டும். 2013 முதல் நடக்கிற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு வருஷத்துக்கு இருமுறை அங்கன்வாடிக்கும் ஒருமுறை அரசுப் பள்ளிக்கும் வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். உங்கள் ஊருக்குக் குழு வந்ததா? எப்போது வந்தது? அங்கன்வாடி ஊழியரிடம் கேளுங்கள்.

மூன்றாவது கேள்வி: "இதுகளெல்லாம் படித்து என்ன ஆகப் போகிறது?" இதற்குச் சரித்திரம் பதில் சொல்லியிருக்கிறது.

பிரான்சில் குதிரைச் சேணம் தைக்கிற ஒரு தொழிலாளிக்குப் பிள்ளை ஒருவன். மூன்று வயதில் அப்பன் பட்டறையில் விளையாடும்போது தோல் துளைக்கும் ஊசி கண்ணில் குத்தியது. இரண்டு கண்ணும் போயிற்று. அவன் பெயர் லூயி பிரெயில். 1824இல், பதினைந்தாவது வயதில், ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை அவன் உருவாக்கினான். இன்று உலகமெங்கும் கண் தெரியாதவர்கள் படிப்பது அந்த எழுத்தில்தான். தமிழ் முதலான இந்திய மொழிகளுக்கு 1951இல் பொதுவான பிரெயில் முறை ஏற்பட்டது. சேணத் தொழிலாளி மகன் உலகத்துக்கு எழுத்து கொடுத்தான்!

ஹெலன் கெல்லர் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் 1880இல் பிறந்த பெண். 19 மாதத்தில் வந்த நோயால் பார்வையும் கேள்வியும் போயின. அவளுக்குக் கற்பித்தவர் யார்? ஆன் சல்லிவன். பிழைப்புத் தேடி வந்த அயர்லாந்துக் குடும்பத்து மகள். தாய் இறந்து ஏழைகள் விடுதியில் வளர்ந்தவள். தானே பாதிக் கண் போனவள். 1887இல் இருபது வயதில் அவள் ஹெலனிடம் வந்தாள். குழாயடியில் ஒரு கையில் தண்ணீர் விழ, மறு உள்ளங்கையில் 'தண்ணீர்' என்று விரலால் எழுதி எழுதிக் காட்டினாள். அந்தக் குழந்தை ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் உண்டு என்று புரிந்துகொண்டது. 1904இல் ஹெலன் கல்லூரிப் பட்டம் பெற்றார். 1909இல் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். ஆலைகளின் கேடான நிலைமையும் வறுமையும் எத்தனை பேர் கண்ணைப் பறிக்கின்றன என்று எடுத்துப் பேசினார். 1955இல் நம் நாட்டுக்கும் வந்து போனார்.

"அவர்கள் மேதைகள், என் பிள்ளைக்குச் சட்டை போடவே தெரியவில்லையே" என்கிறாயா, தாயே? சரி. ஸ்பின்னிங்கில் புதிதாக வந்த பையன் முதல் நாளே அறுந்த இழையை ஒட்டிவிடுகிறானா? மேஸ்திரி பக்கத்தில் நின்று ஒவ்வொரு கை அசைவாகக் காட்டுகிறார். நூறு முறை தப்புகிறான், பிறகு கை பழகுகிறது. மெதுவாகக் கற்கிற பிள்ளைக்கும் அதே வழிதான். அதற்கு இன்னும் சிறு சிறு படியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சட்டையை நீயே மாட்டிவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் அது போடட்டும். அது பழகியதும் கடைசி இரண்டு பொத்தான். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வா. செய்தவுடன் பாராட்டு. தினம் அதே நேரம், அதே ஒழுங்கு. தானே சாப்பிட, தானே குளிக்க, காசு எண்ண, பஸ் ஏற ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால் அது சிறிய படிப்பா? அந்தப் பிள்ளையின் சுதந்திரமே அதுதான்!

இந்த வேலை தாய்க்கு மட்டும் உரியதல்ல. ஷிப்டு முடிந்து வருகிற அப்பனும் தினம் அரைமணி நேரம் பிள்ளையோடு உட்கார வேண்டும்.

கட்டிப்போடும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலைக்குப் போகும்போது பிள்ளை ஓடிவிடும் என்று காலில் கயிறு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கல் நெஞ்சால் யாரும் கட்டவில்லை, கதியில்லாமல் கட்டுகிறார்கள். ஆனால் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் நடந்ததை மறக்க முடியுமா? சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் குடிசை தீப்பற்றியபோது ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறை வேறு. நெருப்புக்கும் கயிற்றுக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. கயிற்றுக்குப் பதில் பகல்நேரப் பராமரிப்பு மையம் கொடு என்று சர்க்காரைக் கேட்க வேண்டியது நம் கடமை.

இனி உரிமைகளைச் சொல்கிறேன். மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

2016ஆம் வருஷத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களை அங்கீகரிக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறையுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. சர்க்கார் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் ஊனத்தைக் காட்டிப் பாரபட்சம் செய்யக்கூடாது. சாய்தளம், கழிப்பறை, கற்பிக்கும் முறை, தேர்வில் கூடுதல் நேரம், எழுத்து உதவியாளர் இவையெல்லாம் தரப்பட வேண்டியவை. பள்ளிக்கே வர முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்க வழி உண்டு. இதற்கு வட்டார வள மையத்தை அணுக வேண்டும். உயர்கல்வியில் 5 சதவீத இடம், சர்க்கார் வேலையில் 4 சதவீத ஒதுக்கீடும் அதே சட்டத்தில் இருக்கிறது.

சட்டம் இருக்கிறது, ஆள் இருக்கிறார்களா? தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று 2021இல் உச்சநீதிமன்றம் கணக்கு வகுத்தது. அந்தப் பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவு போட வேண்டிவந்தது. நம் மாநிலத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளுக்கு ஓடி ஓடி வேலை செய்து வந்திருக்கிறார்கள். அவர்களும் தொழிலாளிகள். அவர்கள் நிரந்தரம் கேட்டால் அது நம் பிள்ளைகளுக்கான கோரிக்கையும்தான்.

"என் காலத்துக்குப் பிறகு யார் பார்ப்பார்?" இந்தக் கேள்விதான் பெற்றவர்களை ராத்திரி தூங்கவிடாமல் செய்கிறது. சில விஷயங்கள் பல தொழிலாளிகளுக்கே தெரியாது. ஈ.எஸ்.ஐ.யில் சாதாரணமாக, படிக்கிற மகனுக்கும் 21 வயதோடு சிகிச்சை நின்றுவிடும். ஆனால் உடலோ மனமோ குறைபட்டு, உங்களையே முழுவதும் நம்பியிருக்கிற பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கும்வரை உரிமை உண்டு. பி.எப்.பில் 1995ஆம் வருஷத்து ஓய்வூதியத் திட்டப்படி, தொழிலாளி இறந்துபோனால் நிரந்தரமாக முழு ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் ஓய்வூதியம் உண்டு. ஆகவே பி.எப். படிவத்தில் பிள்ளை பெயர் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். அறிவு வளர்ச்சிக் குறை, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பலவகை ஊனம் உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகும் காப்பாளரை நியமிக்க 1999ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அறிவு வளர்ச்சிக் குறையுள்ளவர்களுக்கும் கடும் ஊனமுற்றவர்களுக்கும் மாதப் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரி முதல் 2000 ரூபாயாக உயர்ந்தது. இவற்றில் பலவற்றுக்கு அடையாள அட்டை அவசியம். ஜில்லா மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் அதை முதலில் வாங்குங்கள்.

ஆனால் ஒருநாள் கூலியை இழந்து, பிள்ளையைத் தோளில் சுமந்து, இரண்டு பஸ் மாறிப் போகிறவளிடம் "டாக்டர் இல்லை, அடுத்த வாரம் வா" என்றால் அவள் இன்னொரு முறை போவாளா? தனியாகப் போகிறவளைத்தான் அப்படித் திருப்பி அனுப்ப முடியும். சங்கமாகப் போனால் முடியாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை இவை. ஒவ்வொரு கிளையும் தன் தெருவில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை, பள்ளி போவது எத்தனை என்று கணக்கெடுக்கட்டும். அட்டை வாங்கப் போகும் தாயோடு ஒரு தோழர் கூடப் போகட்டும். பள்ளியில் சேர்க்க மறுத்தால் எழுத்தில் கொடுக்கச் சொல்லிக் கேட்கட்டும். மருத்துவ முகாமை ஒன்றியத்திலேயே நடத்து, பள்ளி போகும் பிள்ளைக்கும் துணைக்குப் போகிறவருக்கும் வண்டி ஏற்பாடு செய் என்று கோரிக்கை வைக்கட்டும். நொண்டி, செவிடு, பைத்தியம் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதை நம் தெருவில் இன்றோடு நிறுத்துவோம்.

தோழர்களே, ஜூன் மாதம் பள்ளி திறக்கும். அதற்குள் கணக்கெடுத்து முடியுங்கள். மணி அடிக்கும் அன்று நம் தெருவில் ஒரு பிள்ளைகூடத் திண்ணையில் மிஞ்சியிருக்கக் கூடாது. நடக்க முடிந்த பிள்ளை நடந்து போகட்டும். முடியாத பிள்ளையைச் சுமந்து போக சங்கத்துக்குத் தோள் இருக்கிறது!