மகிழ்ந்திருக்க ஒரு கட்டளை



களவு செய்யாதே, பொய்ச்சான்று சொல்லாதே என்று ஒருவருக்குக் கட்டளையிடலாம். ஆனால், "மகிழ்ந்திரு" என்று கட்டளையிட முடியுமா? மகிழ்ச்சி தானாக வரவேண்டியதல்லவா? இருந்தும் ஆண்டவர் இஸ்ரயேல் மக்களுக்கு அப்படியொரு கட்டளையைத் தந்தார். கூடாரப் பெருவிழாவுக்காகத் தந்த கட்டளை அது.

யூதர்களின் ஏழாம் மாதம் 10ஆம் நாள், நோன்பிருந்து மன்னிப்பு வேண்டும் பாவக் கழுவாய் நாள். அதன்பின் 15ஆம் நாள் கூடாரப் பெருவிழா தொடங்கி 7 நாள்கள் நடக்கும். இன்றும் யூதக் குடும்பங்கள் வீட்டு முற்றத்திலோ மாடியிலோ ஒரு கூடாரம் அமைத்து, அந்நாள்களில் அதில் அமர்ந்து உண்கிறார்கள். அதற்கு இலைதழைகளால்தான் கூரை வேய வேண்டும். அது நிழல் தர வேண்டும். ஆனால் இடைவெளி வழியே விண்மீன்களும் தெரிய வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மழை பெய்தால் அந்தக் கூரை ஒழுகத்தான் செய்யும்.

பாஸ்கா, வாரங்களின் விழா, கூடாரப் பெருவிழா ஆகிய மூன்றும் இஸ்ரயேலரின் பெரும் விழாக்கள். விழாக்களைப் பற்றிய திருச்சட்டப் பகுதிகளில் பாஸ்காவுக்கு மகிழ்ச்சிக் கட்டளை இல்லை. வாரங்களின் விழாவுக்கு ஒருமுறை வருகிறது. கூடாரப் பெருவிழாவுக்கோ மூன்றுமுறை வருகிறது (லேவி 23:40, இச 16:14,15). அதனால்தான் யூதர்கள் தங்கள் மன்றாட்டுகளில் இவ்விழாவை 'நம் மகிழ்ச்சியின் காலம்' என்றே அழைக்கிறார்கள்.

இவ்விழா எப்போது வருகிறது என்று பாருங்கள். களத்துத் தானியமும் ஆலையின் திராட்சை இரசமும் வீடு வந்து சேர்ந்த காலம் அது. களஞ்சியம் நிறைந்திருக்கும் அந்த நேரத்தில்தான், வீட்டைவிட்டு வெளியே வந்து தழைக் கூரையின்கீழ் தங்கு என்கிறார் ஆண்டவர். எகிப்திலிருந்து அழைத்து வந்தபோது தம் மக்களைக் கூடாரங்களில் வாழச் செய்ததை வரும் தலைமுறைகள் அறிய வேண்டும் என்பதே அவர் சொல்லும் காரணம் (லேவி 23:43). பாலை நிலத்தில் அவர்களுக்கு வயல் இல்லை, களஞ்சியம் இல்லை, ஆண்டவர் உடனிருந்தார். நிறைந்த வீட்டில் இருப்பவருக்கு அது எளிதில் மறந்துபோகும்.

இனி, யார் மகிழ வேண்டும் என்று பார்ப்போம். இணைச்சட்ட நூல் 16ஆம் அதிகாரம் ஒரு பட்டியல் தருகிறது. வீட்டுத் தலைவர், அவருடைய மகன், மகள், அவரிடம் வேலை செய்யும் ஆண், பெண் அடிமைகள், ஊரிலுள்ள லேவியர், அந்நியர், அனாதை, கைம்பெண். நிலமும் அறுவடையும் இல்லாத கைம்பெண் எப்படி மகிழ்வார்? அப்பாவை இழந்த குழந்தைக்கு, சிரி என்று சொன்னால் சிரிப்பு வருமா? கட்டளை அவர்களுக்கு இடப்படவில்லை. "உன் பந்தியில் அவர்கள் மகிழும்படி நீ பார்த்துக்கொள்" என்று வீட்டுத் தலைவருக்கு இடப்பட்ட கட்டளை அது. உள்ளத்து உணர்வைக் கட்டளையிட முடியாது. கதவைத் திறந்து வைக்கக் கட்டளையிடலாம்.

12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடஸ் இதைக் கண்டிப்பாகவே சொல்கிறார். ஏழைகளுக்கு உணவளிக்காமல், வாசலை அடைத்துக்கொண்டு, தன் மனைவி மக்களோடு மட்டும் உண்டு குடிப்பவன் கொண்டாடுவது வயிற்றின் மகிழ்ச்சியே. அது இறைக் கட்டளையின் மகிழ்ச்சி அல்ல என்பது அவருடைய போதனை.

அன்பானவர்களே, இந்த வார்த்தை நம்மையும் தொடுகிறது. கணவரை இழந்த பெண் நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்ற எண்ணம் நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. சொந்த மகளின் திருமணத்திலேயே தாய் ஒதுங்கி நிற்கிறார். பந்தியில் அவருக்கும் இடம் கொடு என்று ஆண்டவர் சொல்ல, ஓரமாக நில் என்று நாம் சொல்லலாமா? அவர் கண்ணீரோடு நிற்கும் வீட்டில் நடப்பதை இறைவன் முன் மகிழ்ச்சி என்று எப்படி அழைப்போம்?

நம் ஆண்டவர் இயேசுவும் இவ்விழாவுக்கு எருசலேம் சென்றார். விழா நாள்களில் சீலோவாம் குளத்திலிருந்து நீர் எடுத்துவந்து கோவில் பீடத்தில் வார்ப்பார்கள். விழாவின் இறுதிப் பெருநாளில் இயேசு எழுந்து நின்று, தாகமாய் இருப்போரைத் தம்மிடம் வரும்படி உரத்த குரலில் அழைத்தார் (யோவா 7:37). அவ்வளவு பெரிய கொண்டாட்டத்தின் நடுவே அவர் கண்கள் தேடியது தாகத்தோடு நின்றவர்களைத்தான்.

வாக்கு மனிதர் ஆனார் என்று சொல்லும் யோவான், அவர் நம்மிடையே குடிகொண்டதைக் குறிக்கக் கையாளும் கிரேக்கச் சொல்லுக்குக் கூடாரம் அடித்தல் என்பது பொருள் (யோவா 1:14). குறைவற்ற தம் இல்லத்தை விட்டு, ஒழுகும் நம் குடிசைக்கு இறைமகனே வந்தார். அவர் தம் பந்திக்கு ஒதுக்கப்பட்டவர்களை அழைத்தார்.

அடுத்து உங்கள் வீட்டில் ஒரு திருமணமோ, புதுமனை புகுவிழாவோ, பிள்ளையின் புதுநன்மை விழாவோ வரும். அழைப்பிதழ் கொடுக்கும் முன், இணைச்சட்ட நூலின் அந்தப் பட்டியலை ஒருமுறை வாசியுங்கள். விட்டுப்போன பெயர் யாருடையது என்று பாருங்கள். அவர் வீட்டுக்கு முதலில் செல்லுங்கள்.

எங்களோடு குடிகொண்ட ஆண்டவரே, எங்கள் வீடு நிறையும்போது எங்கள் வாசலையும் திறந்தருளும். ஆமென்.