கரை காணாக் களவு



களவு என்னும் சொல்லை அறியாத தமிழ்க் கவிஞர் இலர். பிறர் அறியாமல் இருவர் கூடுவது களவு. அது ஊரார் வாயில் அலராகும். தோழி துணை நிற்பாள். அறத்தொடு நிற்றலால் இல்லத்தார் அறிவர். முடிவில் அது கற்பாக மலரும். ஆகவே நம் மரபில் மறைவு ஒரு படிநிலையே. அதற்குக் கரை உண்டு. கரை காணாத களவு எத்தகையது என்பதை அமெரிக்கக் கல்லூரி மாணவருள் ஒரு சாராரின் வாழ்வு காட்டுகின்றது. தன்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினர், திருநர் ஆகியோரே அச்சாரார்.

அந்நாட்டு வளாகங்களில் ‘ஹூக்கப்’ என்றொரு வழக்கு வேரூன்றியுள்ளது. முத்தம் முதல் உடற்கூட்டம் வரை எதனையும் குறிக்கும் அச்சொல், பின்தொடரும் கடப்பாடு எதனையும் குறிப்பதில்லை. இரவு விருந்தில் கூடியவர் மறுநாள் அறியாதார் போல் கடந்து செல்வதும் உண்டு. இவ்வழக்கை ஆராய்ந்து 2017-இல் நூல் வெளியிட்ட லிசா வேட் என்னும் சமூகவியலறிஞர், இங்கு அன்பை வெளிக்காட்டுவதே பிழையாகக் கொள்ளப்படுகிறது என்கிறார்.

இவ்விருந்துகளுக்குப் பெயர்பெற்ற இடம், ‘பிரட்டர்னிட்டி’ எனப்படும் ஆண் மாணவர் சங்க இல்லம். ஆண் பெண்ணை நாடுவதே அங்கு எழுதாச் சட்டம். ஓர் ஆண் மற்றோர் ஆணை நோக்கினால் ஏளனத்துக்கு அஞ்ச வேண்டும். பெண்கள் இருவர் முத்தமிட்டாலோ, சூழ நிற்கும் ஆடவர் அதனைத் தமக்கான காட்சியாக எண்ணி ஆரவாரிப்பர். லீலா ரப், வெர்ட்டா டெய்லர் முதலிய அறிஞர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு நுட்பம் கண்டது. பிறர் காண இடப்பட்ட அம்முத்தமே, பெண்கள் சிலர்க்குத் தம் உள்ளத்து விழைவைத் தேர்ந்தறியும் வாயிலாயிற்று. ஆகவே கடப்பாடற்ற கூட்டம் எல்லார்க்கும் துயரமே என்று முடிவு கட்டுதல் தகாது.

விருந்தில் இடமற்றோர் பலர் கைப்பேசியை நாடினர். 2009-இல் தோன்றிய ‘கிரைண்டர்’ செயலி, அருகிலிருக்கும் ஆடவரைத் தொலைவின் அளவோடு காட்டியது. அங்குள்ள படங்கள் பலவற்றில் முகம் இராது, பெயரும் இராது. அகத்திணையில் காதலர்க்கு இயற்பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. அங்குப் பெயரின்மை காதலை எல்லார்க்கும் பொதுவாக்குகிறது. இங்கோ அது அச்சத்திற்குப் போர்வையாகிறது.

அவ்வச்சம் காரணமற்றதன்று. 2010 செப்டம்பரில், நியூஜெர்சியிலுள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டைலர் கிளெமென்டி என்னும் 18 வயது மாணவர், இணையத்தின் வழி அறிமுகமான ஆடவர் ஒருவரைத் தம் விடுதி அறையில் சந்தித்தார். உடனுறை மாணவர் கணினியின் படக்கருவி வழியே அதனை மறைந்து நோக்கிப் பிறர்க்கும் அறிவித்தார். சில நாள்களில் கிளெமென்டி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கல்லூரிக்குப் புறப்படுமுன்பே பெற்றோரிடம் தம் உள்ளத்தைச் சொல்லியிருந்தவர் அவர். அகப்பாடலின் அலர் காதலரை மணத்தை நோக்கி விரைவுபடுத்தியது. திரையில் பிறந்த இவ்வலர்க்கு அத்தகைய பயன் ஏதுமில்லை.

2015 ஜூன் 26-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருபாலார் திருமணத்தை நாடு முழுவதற்கும் உரியதாக்கியது. சட்டம் கற்பின் வாயிலைத் திறந்தது. எனினும், எல்லா இல்லங்களின் வாயிலும் திறந்துவிடவில்லை. இம்மாணவர் பலர்க்கு இன்றும் கிட்டாதது கூடுதற்குரிய துணையன்று. கூடியதைச் சொல்லுதற்குரிய தோழி. செயலி ஆளைக் காட்டும். மறுநாட் காலை, ‘நெஞ்சு ஏன் கனக்கிறது?’ என்று கேளாது.

தமிழ் அகமரபு தலைவன், தலைவி என்னும் இருவரையே பாடிற்று. ஆயினும் தோழி என்னும் அரிய படைப்பு அம்மரபினுடையதே. 2022-இல் தமிழ்நாடு அரசு, சென்னை உயர் நீதிமன்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாக, இம்மக்களை மதிப்போடு சுட்டும் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பெயர் சொல்லப்படாதிருந்தார்க்கு இன்று தமிழில் பெயர் உண்டு. அப்பெயரால் அவர்களை அன்போடு விளித்துக் கேட்கும் தோழியின் குரலைப் படைத்தல் இவ்வட்டத்துக் கவிஞர்தம் கடன்.